எவர்சில்வரில் விரல் தடம்



சுத்தம் சோறு போடும் என்பர் பெரியோர். அந்தச் சோற்றை ஆக்கும் அடுக்களையில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் எவர்சில்வர்தான். குடம், தூக்கு, டம்ளர், கேஸ் அடுப்பின் மேல்தட்டு, கிரைண்டர், சில வீடுகளில் பிரிட்ஜின் கதவும்கூட. வாங்கிய அன்று அதில் முகம் பார்க்கலாம். மறுநாளோ, வீட்டில் எத்தனை பேர் என்பதை விரல் தடங்களை எண்ணியே சொல்லிவிடலாம்! அக்காவும் தங்கையுமாகிய எங்கள் இருவருக்கும் சனிக்கிழமைதோறும் அவற்றைத் துடைக்கும் வேலை. அதில் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இதை எழுத எங்களுக்குத் தனி உரிமையும் உண்டு. ஏனெனில் நாங்கள் குரோம்பேட்டைவாசிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் எங்கள் ஊர் இப்பெயர் பெற்றது. அங்கே தோலைப் பதனிட உதவியது குரோமிய உப்பு. எவர்சில்வரிலும் அதே குரோமியம் இருக்கிறது. பெயரில் 'சில்வர்' இருந்தாலும் அதில் வெள்ளி துளியும் கிடையாது. இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் சேர்ந்தால்தான் அது துருப்பிடிக்காத எஃகு. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி 1913-ஆம் ஆண்டில் இத்தகைய எஃகை உருக்கினார். நல்ல சமையல் பாத்திரத்தில் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும்.

இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அந்தப் படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் தோலைக் காத்த குரோமியம், அடுக்களையில் தானே ஒரு தோலாகி நிற்கிறது! ஆகவே எவர்சில்வரைத் துலக்குவது என்றால் அதன் தோலை உரிப்பதல்ல. அதன்மேல் படிந்த அழுக்கை மட்டும் எடுப்பதே.

விரல் தடம் என்பது நம் கையின் எண்ணெய்ப் பசையும் வியர்வை உப்பும்தான். வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. வெதுவெதுப்பான நீரில் சில துளி சோப்புக் கரைசல் விட்டு, பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். தகட்டை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். அக்கோடுகள் ஓடும் திசையிலேயே துடைத்தல் நலம். பிறகு ஈரம் இல்லாமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிரிட்ஜின் கதவாயின், துணியில் ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு இறுதியாகத் தடவினால், அடுத்த கைத்தடம் அவ்வளவாகத் தெரியாது.

போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்டுச் செல்லும் வெள்ளைத் திட்டு சுண்ணாம்பு உப்பு. அது சோப்புக்கு அசையாது. எலுமிச்சைத் தோலுக்கும் வினிகருக்கும் கரைந்துவிடும். சூடேறிய பாத்திரத்தில் வானவில் போல நிறம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். வெப்பத்தால் மேற்படலம் சற்றுத் தடித்து, சோப்புக் குமிழியில் போல ஒளி விளையாடுகிறது. அதற்கும் வினிகரே மருந்து. பால் அடிப்பிடித்தால் தண்ணீரும் சமையல் சோடாவும் விட்டுக் கொதிக்கவைத்து ஊறவிடுக.

இரும்புக் கம்பி நார் மட்டும் வேண்டாம். அதன் பொடித் துணுக்குகள் பாத்திரத்தில் ஒட்டித் துருப்பிடிக்க, நாமோ எவர்சில்வர் துருப்பிடித்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்! பிளீச்சிங் பவுடரும் ஆகாது. உப்பு நீரை நாள்கணக்கில் வைத்தாலும் ஊசிமுனை போலப் புள்ளிகள் விழும்.

எங்கள் பாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. கையெழுத்துக் கேட்கும் இடமெல்லாம் கைநாட்டுத்தான். ஆனால் கல்யாணச் சீராக வந்த அவருடைய குடத்தில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். பத்துக் குடங்களுக்கு நடுவிலும், கழுத்தடியில் விரலால் தடவிப் பார்த்துத் தன் குடத்தை எடுத்துவிடுவார். பல ஆண்டுகள் மணலும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்ததில் முதல் இரண்டு எழுத்துகள் மங்கிவிட்டன. "பளபளப்பு போனா போகுது கண்ணுங்களா, பேரு போகக் கூடாது" என்பார் பாட்டி. அவர் பெயர் எழுதப்பட்ட பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதனால் அந்தக் குடத்தை மெல்லிய துணியால் நாங்களே துடைக்கிறோம். வேறு யாரிடமும் விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்ஜின் கதவில் பதியும் தடங்களில் பெரியவை அப்பாவுடையவை. எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பவை தம்பியுடையவை. துடைப்பதோ அம்மாவும் நாங்களும்! இதை ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னோம். இப்போது கதவின் பிடியில் ஒரு துணி தொங்குகிறது. தடம் பதித்தவரே துடைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தம்பி வாரத்தில் நான்கு நாளாவது அதைக் கடைப்பிடிக்கிறான். உங்கள் வீட்டிலும் இச்சட்டத்தை இயற்றிப் பாருங்கள், தோழியரே! அப்படியே உங்கள் பாட்டியின் பாத்திரத்தையும் எடுத்து, அதில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள்.