தெரணியகலையில் சைக்கிள் தள்ளிய அக்கா

தெரணியகலை என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வடக்கில் வளர்ந்த எங்களுக்கு மலையகம் என்றால் நுவரெலியா, ஹற்றன், பதுளை என்றுதான் ஞாபகம் வரும். கேகாலை மாவட்டத்தின் ஒரு மூலையில், சிவனொளிபாதமலையின் மேற்குச் சாரலில், தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். வேலை நிமித்தம் அங்கே போனபோதுதான் அதை நான் கண்ணால் கண்டேன்.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு ஒரு பஸ். அங்கிருந்து நுவரெலியா வீதியில் தெஹியோவிற்ற வரை போனால் தெரணியகலை வீதி பிரிகிறது. சீதாவக்கை கங்கை பக்கத்திலேயே வருகிறது. ஆற்றோரத்தில் வீதி ஓரளவு சமமாக இருக்கும். தோட்டத்துக்குத் திரும்பியதும் ஏற்றம் தொடங்கிவிடும். நான் போனது ஒக்ரோபர் மாதம். காலையில் நல்ல வெயில் எறிக்கும், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு மழை கொட்டும். இலங்கையில் மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் இதுவும் ஒன்று. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயவில்லை. இந்த ஈரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சுயதொழில் செய்யும் பெண்களைச் சந்திப்பதுதான் எனது வேலை. என்னை ஒரு அக்காவின் லயத்தில் தங்க வைத்தார்கள். அவர் தையல் தொழில் செய்கிறார். பிறந்தது இதே தோட்டத்தில்தான். 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி பாரதிபுரத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கேதான் படித்தார், தையல் பழகினார், கலியாணம் செய்தார். 2009இல் கணவரை இழந்தார். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, தெரணியகலையில் தனித்திருந்த பெரியம்மா கூப்பிட்டார் என்று பிள்ளையுடன் திரும்பி வந்துவிட்டார். மலையிலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து மீண்டும் மலைக்கு வந்த ஒரு வாழ்க்கை.

வன்னி அவருக்குக் கொடுத்தவற்றில் ஒன்று சைக்கிள் ஓட்டம். எரிபொருள் தடை இருந்த அந்தக் காலத்தில் அங்கே சைக்கிள் ஓடாத பெண் இல்லை. விறகும் தண்ணீரும் பிள்ளையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துதான் சாவகச்சேரிக்குப் போனேன். மலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. பெண்கள் மைல் கணக்கில் நடப்பார்கள், சைக்கிளில் ஏறுவது மிகக் குறைவு. 2022இல் பெற்றோல் இல்லாமல் பஸ்களும் நின்றபோது, அந்த அக்கா கையிலிருந்த காசைக் கொடுத்து ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் வாங்கினார். டவுனில் துணி எடுத்து வரவும், தைத்த சட்டைகளை லயம் லயமாகக் கொண்டு கொடுக்கவும் அதுதான் உதவியது. தோட்டமே வேடிக்கை பார்த்ததாம்.

ஆனால் நான் கண்டபோது அவர் சைக்கிளில் ஏறவில்லை. துணிமூட்டையைக் கரியரில் கட்டி, சமமான ஆற்றோர வீதியிலும் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"ஏனக்கா ஓடாமல் தள்ளிக்கொண்டு வாறீங்கள்?"

"ரயர்ல காத்து இல்ல மிஸ்."

ரயரை அழுத்திப் பார்த்தேன். கல்லுப்போல இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மழை. பெரியம்மாவும் பிள்ளையும் படுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த ஓடர்களை வைத்துக்கொண்டு அக்கா தைத்துக்கொண்டிருந்தார். இந்தமுறை கொஞ்சம்தான் எடுத்ததாகச் சொன்னார். நடந்து கொண்டு போய்க் கொடுத்தால் நாள் போய்விடும், ஓட்டோ பிடித்தால் தையல் கூலி அதற்கே சரியாகிவிடும். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எப்படிச் சொல்றது மிஸ்... ஒக்காந்தா எரியுது. தொடை இடுக்குல புண்ணு. ரெண்டு கெழமையா ஏறல. டிஸ்பென்சரியில இருக்கிறது ஆம்பள, அவருகிட்ட எப்படிக் காட்டுறது? சைக்கிள வித்துடலாம்னு இருக்கேன்."

"எனக்கும் வந்ததுதானக்கா" என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

உண்மைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் தினமும் சைக்கிளில்தான் போய் வந்தேன். ஒரு மாரி காலத்தில் எனக்கு இதே புண் வந்தது. ஏதோ கூடாத வருத்தம் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் அழுதிருக்கிறேன். கடைசியில் சின்னம்மாதான் என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். தடைக் காலம் முழுவதும் சைக்கிளில் திரிந்தவர் அவர். "இது வருத்தமில்லைப் பிள்ளை. சீற் பிழை, ஈர உடுப்புப் பிழை" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் அன்றிரவு அக்காவுக்குச் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

இந்தப் புண்ணுக்குக் காரணம் மூன்று. அழுத்தம், உராய்வு, ஈரம். உடல் பாரம் முழுவதும் ஒரு சின்ன இடத்தில் அழுத்துகிறது. கால் மேலும் கீழும் போகும்போது தோல் சீற்றில் உரசுகிறது. வியர்வையிலும் மழையிலும் ஊறிய தோல் லேசில் உரிகிறது. உரிந்த இடத்தில் கிருமி போனால் கொப்புளமும் கட்டியும் வரும். பெண் உடலின் குறையோ, வயதுக்கு வந்தவள் சைக்கிள் ஓடியதற்கு வந்த தண்டனையோ அல்ல இது.

முதலில் புண் ஆற வேண்டும். ஆறும்வரை சைக்கிளில் ஏறக்கூடாது. சாதாரண சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காற்றுப்பட விட வேண்டும். கொப்புளத்தைப் பிதுக்கக்கூடாது. டெற்றோலை அப்படியே ஊற்றுவது, பற்பசை பூசுவது எல்லாம் தோலை இன்னும் எரிக்கும். பவுடர் ஈரத்தில் திரண்டு உராயும், அந்தரங்க இடத்தில் அதைப் போடாமல் விடுவதே நல்லது. சீழ் கட்டினால், சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால், அல்லது ஒரு கிழமையாகியும் ஆறாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் முதலில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் வழிகாட்டுவார்.

மறுநாள் காலை ஓட்டோக்காரத் தம்பி ஒருவரிடம் ஸ்பானர் இரவல் வாங்கி, இருவருமாகச் சைக்கிளைப் பார்த்தோம். சீற் மிகவும் பதிந்திருந்தது. இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாக ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் பெண்கள் பலர் சீற்றைப் பதித்து வைப்போம். அப்போது முழங்கால் மடிந்தே இருக்கும், கால் பாரத்தைத் தாங்காது, முழுப் பாரமும் சீற்றில் விழும். அளவு பார்ப்பது சுலபம். சுவரைப் பிடித்துச் சீற்றில் இருந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். அதற்கு மேலும் உயர்த்தினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, தோல் இன்னும் உரசும். சீற் கம்பியில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. ஒரேயடியாக உயர்த்தப் பயமென்றால் நாளுக்குக் கொஞ்சமாக உயர்த்தலாம்.

அடுத்தது சீற்றின் மூக்கு. அக்காவின் சீற் மூக்கு மேலே நிமிர்ந்திருந்தது. அது முன்பக்கத்து மெல்லிய சதையை நசிக்கும். கீழே குனிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, பாரம் கைக்கு வரும். ஒரு பலகைத் துண்டைச் சீற்றின் மேல் நீளப்பாட்டுக்கு வைத்து, அதில் பாதித் தண்ணீர் உள்ள போத்தலைப் படுக்க வைத்துப் பார்த்துச் சமப்படுத்தினோம். ஹான்டில் தாழ்வாக இருந்தால் நாம் முன்னால் குனிவோம், அப்போதும் முன்பக்கம்தான் நசியும். அதையும் கொஞ்சம் உயர்த்தினோம்.

மூன்றாவது சீற்றின் அகலம். கடினமான வாங்கில் இருந்து, கையை அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்புகள் தட்டுப்படும். நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். பெண்களுக்கு அவற்றின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம். ஒடுங்கிய சீற்றில் எலும்புகள் வெளியே போய்விட, நடுச்சதை பாரம் தாங்கும். 1890களில் மேல்நாடுகளில் பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கியபோது, சீற் பெண்களுக்குக் கேடு என்று சில வைத்தியர்கள் பயமுறுத்தினார்கள். சைக்கிள் செய்தவர்கள் அகலமான, நடுவில் பள்ளம் விட்ட சீற்றுகளைச் செய்து விற்றார்கள். அப்போதே பிழை சீற்றில் என்று கண்டார்கள், நாம் இன்னும் நம்மையே நோகிறோம். மெத்தென்று தடித்த ஸ்பொஞ் கட்டினாலும் சரிவராது. எலும்பு அமிழ்ந்து, நடு ஸ்பொஞ் மேலே எழும்பி நசிக்கும். அக்கா தையல்காரி அல்லவா, இறுக்கமான மெல்லிய ஸ்பொஞ்சை வெட்டி, நடுவில் பள்ளம் விட்டு, தையல் மேலே வராமல் ஒரு உறை தைத்துவிட்டார்.

"உடுப்பையும் பாருங்கக்கா" என்றேன். உள்ளாடையின் தடித்த தையல் ஓரம் சரியாகப் புண் இருந்த இடத்தில்தான் உரசியிருந்தது. பருத்தி உடுப்பு, மெல்லிய ஓரம், இறுக்கம் இல்லாத அளவு நல்லது. சேலைக்குள்ளோ சட்டைக்குள்ளோ தொடை வரை வரும் பருத்திக் காற்சட்டை ஒன்று தைத்துப் போட்டால் தொடை உரசாது. நனைந்தால் போன இடத்திலேயே மாற்றுவதற்கு ஒன்றை ஷொப்பிங் பையில் சுற்றிக் கரியரில் வையுங்கள். காயாத துணியைப் போடவேண்டாம். தெரணியகலை போன்ற மழை ஊரில் அடுப்படிச் சூட்டில் உலர்த்தியாவது போட வேண்டும். மாதவிடாய் நாட்களில் துணியையோ பாட்டையோ வழமையைவிடக் கெதியாக மாற்ற வேண்டும். அதன் விளிம்பும் உரசும். தூரம் ஓடுவதற்கு முன் தோல் உரசும் இடத்தில் கொஞ்சம் வஸ்லின் தடவலாம். அந்த இடத்து முடியை மழித்த உடனே ஓடினால் கட்டி வரும்.

ஓடும்போது ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழும்பி நின்றால் இரத்தம் ஓடும், அழுத்தம் குறையும். குழி வரும்போது சீற்றில் இறுகி இருக்காமல் முழங்காலை மடித்துச் சற்று எழும்புங்கள்.

ரயர் பேச்சு வந்தபோது அக்காவுக்கு ஒன்று சொன்னேன். ஆரம்ப காலச் சைக்கிள்களுக்குக் காற்று ரயர் இல்லை. கல்லு வீதியில் எலும்பு நொறுங்கும். பெல்பாஸ்ற்றில் மிருக வைத்தியராக இருந்த டன்லொப், மகனின் சின்ன மூன்றுசக்கரச் சைக்கிளுக்கு இறப்பர்க் குழாயில் காற்றடைத்துக் கட்டி, 1888இல் அதற்கு உரிமை பெற்றார். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட இறப்பர்க் கன்றுகளிலிருந்துதான் இலங்கையில் இறப்பர் பரவியது. பிறகு இந்தக் களனிப் பள்ளத்தாக்கும் இறப்பர்க் காடானது. "ஒலகத்துக்கே ரயருக்குப் பால் வெட்டிக் குடுத்தது நாங்க. நடந்தே போனதும் நாங்கதான்" என்று சொல்லி அக்கா சிரித்தார். நான் அங்கே இருந்த நாட்களில் அவர் சிரித்தது அப்போதுதான்.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையிலும் இப்படியொரு கதை உண்டு. 1991இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓடப் பழகினார்கள். பிள்ளையைப் பாரில் வைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பியவர்களும் இருந்தார்கள். பஸ்சுக்கும் ஆணுக்கும் காத்திருக்காமல் சந்தைக்குப் போய் வந்தார்கள்.

போரில் காயப்பட்ட சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ செல் துண்டு இருப்பவர்கள், காயத் தழும்பு உள்ளவர்கள், அந்த இடத்தில் உணர்வு குறைந்தவர்கள் வலியை நம்பி இருக்க முடியாது. வலி தெரியாமலே தோல் புண்ணாகிவிடும். சைக்கிள் ஓடும் நாட்களில் இரவு கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்புத் தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

நான் திரும்பும் நாளில் அக்கா சைக்கிளில் ஏறவில்லை. புண் ஆறவில்லை, நானும் ஏறச் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து போன் வந்தது. இந்தமுறை "மிஸ்" இல்லை.

"தங்கச்சி, பத்து நாள் பொறுத்து ஏறினேன். இப்ப எரியல. கொஞ்சம் லேட்டுத்தான், ஆனா பதினேழு சட்டை குடுத்துட்டேன். சைக்கிள விக்கல. பக்கத்து லயத்துப் புள்ள ரெண்டு பேரு பழக்கித் தரச் சொல்லுதுங்க. மொதல்ல சீற்ற அளந்து வச்சுட்டுத்தான் ஏத்துவேன்."

சகோதரிகளே, குண்டுக்கும் பசிக்கும் முகம் கொடுத்தவர்கள் நாம். ஆனாலும் இந்தச் சின்னப் புண்ணை வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டு, உழைப்பையே விடப் பார்க்கிறோம். உங்கள் வீட்டுச் சைக்கிளின் சீற்றை இன்றைக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓடக்கூடிய வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், ரயரில் காற்று இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.