இடது பக்கம் தெரியும் இடைவெளி



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவனின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் வேலைக்குப் போனவன், டிரெய்லரின் பின்சக்கரத்தில் சிக்கிவிட்டான். அவன் அம்மாவிடம் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. உங்களில் பலர் தினமும் அதே சாலையில் போவதால் இதை எழுதுகிறேன்.

அங்கே வந்திருந்த இன்னொரு பழைய மாணவன் பல வருடமாகக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள்.

"சார், இடது பக்கம் திரும்பணும்னா வண்டியை முதல்ல வலது பக்கம் ஒதுக்கித்தான் வளைக்கணும். அப்போ இடது பக்கம் ஒரு இடைவெளி தெரியும். வழி விடுறாங்கன்னு நினைச்சு பைக்காரங்க உள்ளே நுழைஞ்சிடுவாங்க. முன்சக்கரம் போன வழியில பின்சக்கரம் வராது சார், உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். நான் உட்கார்ந்திருக்கிறது வலது பக்கம். இடது பக்கம் ஒட்டி நிக்கிறவங்க எனக்குத் தெரியவே மாட்டாங்க."

வேகத்தைப் பற்றியும் கேட்டேன். துறைமுக ஜீரோ கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். சம்பளமோ டிரிப் கணக்கில். வரிசையில் போன நேரத்தைக் காலிச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஓட்டுநரைத் திட்டினால் மட்டும் இது தீராது. வரிசை குறைய வேண்டும், கூலி முறையும் மாற வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். அதுவரை நம் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டுமே!

கணக்கு வாத்தியார் ஆச்சே, ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். வேகம் 40-லிருந்து 60 கிலோமீட்டர் ஆனால் அது ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு. 40 அடிப் பெட்டி சரக்கோடு 30 டன் வரை இருக்கும். அதன் முன்னால் திடீரென்று குறுக்கே வந்தால் அவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

ஆகவே, திரும்பும் டிரெய்லருக்கு இடது பக்கம் போகாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். அரை நிமிடம்தான் போகும். இரவில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் வண்டிகளையும் கவனியுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். விம்கோ நகர் வரை 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டது. முடிந்தவர்கள் அதில் போங்கள்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது.

பைக் ஓட்டும் உங்கள் பிள்ளைகளை இன்றைக்கே உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்