மதகு திறக்கும் நாள்

முதற்போகத்திற்கு ஜூன் 1 அன்று பெரியாற்று நீர் விடுதல் கம்பம் பள்ளத்தாக்கின் மரபு. மழை பொய்த்த ஆண்டில் நாள் தள்ளிப்போவதும் உண்டு. தேக்கடியில் அமைச்சரோ ஆட்சித்தலைவரோ மதகைத் திறக்க, பொங்கிவரும் நீரில் மலர் தூவுவர். அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே வந்து கீழிறங்கி, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நோக்கிச் செல்லும். எங்கள் காமயகவுண்டன்பட்டியில், விதைநெல் ஊறப்போடலாமா என்று ஒருவரையொருவர் வினவுவதே அவ்விழாவின் முன்னறிவிப்பாகும்.

1895 அக்டோபரில் அணையின் முதல் திறப்புவிழாவை நடத்தியவர் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு. அவரை எங்களூரில் நினைப்பார் அரியர். காட்டிலும் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எட்டாண்டு போராடி அணையை முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் படமோ பல வீடுகளில் தொங்குகிறது. தம் சொத்தை விற்று அவர் அணை கட்டினார் என்னும் கதைக்குப் பதிவேடுகளில் சான்றில்லை. அக்கதையின்றியும் அவர் பெருமை குறையாதென்பது என் துணிபு. உடன் உழைத்து நோயால் மாண்ட கூலிமக்களுக்குத்தான் படமும் இல்லை, பெயரும் இல்லை.

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. அந்நாளில் பாலார்பட்டி முதலிய ஊரார் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். 2013இல் அதே நாளில் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பெற்றது. நினைவுச்சின்னம் எழுப்புவதில் எம்மவர் சளைத்தவரல்லர். காந்தியடிகளுக்கே கோயில் எடுத்த ஊர் எங்களூர்.

கிறிஸ்தவர்களாகிய எங்கள் இல்லத்தில் இப்பொங்கல் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. மனிதன் படத்திற்கு முன் பானை வைப்பது தகுமா என்றார் சிற்றப்பா. அப்பத்தா விடுத்த விடை வேறு திசையிற் சென்றது. "பானை வச்சா வைக்கட்டும்ப்பா. படத்துக்கு மாலை போட்டவுக வாய்க்கால்ல மம்பட்டி போட்டாகளா? அதக் கேளு மொதல்ல."

அவ்வினாவிற்குச் சிற்றப்பாவிடம் விடையில்லை. எங்கள் வயல் கடைமடை. மலர் தூவிய நீர் மேல்வயல்களிலேயே தங்கிவிட, எங்கள் நாற்று வெயிலிற் கருகிய ஆண்டுகள் உண்டு.

வீட்டிற்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் தூர்வாரும் வழக்கத்திற்கு முன்னோர் இட்ட பெயர் குடிமராமத்து. 2017இல் தமிழக அரசும் அப்பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கிற்று. திட்டம் எதுவாயினும் எங்கள் கிளைவாய்க்காலுக்கு ஆள் வரவேண்டுமே! அடுத்த மே மாதம் சிற்றப்பாவே தெருத்தெருவாகச் சென்று அழைத்தார். முதல்நாள் வந்தோர் எழுவர். பொங்கலிட்டோரும் இடாதோரும் அவருள் இருந்தனர். மூன்றாம் நாள் இருபதின்மர் ஆயினர். மண்ணைவிட மிகுதியாக வெளிவந்தவை நெகிழிப்பைகளும் மதுப்புட்டிகளுமே. உடைந்த புட்டியால் என் தம்பியின் பாதம் கிழிந்தது.

பத்து நாள் காத்தும் வாராதிருந்த நீர் அவ்வாண்டு ஆறாம் நாளே எங்கள் வயலுக்கு வந்தது. வந்த அன்றிரவே, யார் மடையை முதலில் அடைப்பதென்று மேல்வயலாரோடு பூசலும் வந்தது. விளக்கேந்தி வரப்பில் நின்று அதனைத் தீர்த்துக்கொண்டிருந்தவர் அப்பத்தாதான்.