அழிப்பான் யார் கையில்?

இணையத்தில் ஒரு விவாத மன்றத்தைத் தொடங்கி வளர்ப்பது எப்படி என்று கேட்டால், கிடைக்கிற யோசனைகளில் பாதிக்கு மேல் கருவியைப் பற்றியவை. எந்த மென்பொருள் நல்லது, எத்தனை பிரிவுகள் வைக்கலாம், விருப்பக் குறி வேண்டுமா, புள்ளிகள் வழங்கலாமா என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரே மென்பொருளை வைத்து நடத்தப்பட்ட இரண்டு மன்றங்களில் ஒன்று இருபது வருடம் ஓடுகிறது, இன்னொன்று ஆறே மாதத்தில் ஈயடிக்கிறது. அப்படியானால் காரணம் கருவிக்கு வெளியே இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் இந்த வகைப் பேச்சு கணினியில் முதன்முதலாகத் தோன்றிய இடங்களுக்குப் போனேன். கட்டியவர்களே பின்னாளில் எழுதிவைத்த குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு கேள்வி எல்லா இடத்திலும் தலைகாட்டுகிறது: எழுதியதை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அந்த ஆள் வந்தவர்களோடு எப்படிப் பழகினார்? மன்றங்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் இதுவே தீர்மானித்திருக்கிறது என்பது என் வாதம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு கணினி அமைப்பு இருந்தது. பாடம் கற்பிப்பதற்காகக் கட்டியது, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகள் கொண்டது. அதில் ஏதாவது கோளாறு தெரிந்தால் பயனர்கள் ஒரு பொதுக் கோப்பைத் திறந்து அதில் எழுதிவைப்பார்கள். அமைப்பைப் பராமரித்தவர்கள் அதே கோப்பில் கீழே பதில் எழுதுவார்கள். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். யார் எழுதியது என்பதற்கு அத்தாட்சி கிடையாது, பெயரின் முதலெழுத்தைப் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. அவ்வப்போது யாராவது ஒரு குறும்புக்காரர் கோப்பு முழுவதையும் துடைத்துவிட்டுப் போவார். இதற்கு ஒரு வழி பண்ணச் சொல்லி டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1973 ஆகஸ்டில் அவர் எழுதி முடித்த நிரல்தான் 'பிளேட்டோ நோட்ஸ்'. ஒவ்வொரு குறிப்பும் தனித்தனியாக நிற்கும், அதன் கீழே 63 பதில்கள் வரை வரிசையாகச் சேரும். எழுதியவரின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் கணினியே பதித்துவிடும். இன்று நாம் இழை என்று சொல்லும் அமைப்பின் மூதாதை இதுதான். அதன் பிறப்பைக் கவனியுங்கள். மக்கள் கூடிப் பேசட்டும் என்ற பெரிய கனவு எதுவும் அதன் பின்னால் இல்லை. அடுத்தவர் எழுத்தை எவரும் அழிக்கலாம் என்றிருந்த நிலையை மாற்றுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. பேச்சு தானாக வந்து சேர்ந்தது. 1976இல் யார் வேண்டுமானாலும் தனிக் குழு தொடங்கலாம் என்று ஆனபோது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். யார் எழுதலாம், எது இருக்கலாம் என்பது அவர் கையில்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் கலிபோர்னியாவில் நடந்தது, இந்தத் தேடலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அதுதான். 1978இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிலர் சேர்ந்து 'கம்யூனிட்ரீ' என்ற மன்றத்தை அமைத்தார்கள். தொலைபேசி வழியாக இணைந்து எழுதலாம், பேச்சு மரக்கிளை போலப் பிரிந்து வளரும். தணிக்கை கூடாது என்பது அவர்களுக்கு வேதவாக்கு. எனவே ஒருமுறை உள்ளே வந்த செய்தியை நீக்கும் வசதியே வைக்கவில்லை, வரும்போதே பார்த்து நிறுத்தவும் வழியில்லை. சில வருடங்கள் தத்துவமும் ஆன்மிகமுமாக நன்றாகவே போயிற்று. 1980களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்குக் கணினியும் மோடமும் வந்துசேர்ந்தன, பையன்கள் அந்தத் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் நடந்ததைச் சாண்டி ஸ்டோன் என்ற ஆய்வாளர் 1991இல் எழுதியிருக்கிறார். வசைகளும் ஆபாசமும் வட்டு நிரம்பும் அளவுக்குக் கொட்டின. நடத்தியவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள், அது மறுபடி நிரம்பும். போதாக்குறைக்கு, சில விசைகளை அழுத்தினால் அமைப்பே படுத்துவிடும் என்பதையும் பையன்கள் கண்டுகொண்டார்கள். சில மாதங்களில் மரம் பட்டுப்போனது. கருத்துச் சுதந்திரத்தை நம்பியவர்கள், அதைப் பாதுகாக்கும் பொறுப்பை ஒருவரிடமும் கொடுக்காததால் இழந்தார்கள். பிளேட்டோவின் பழைய கோப்பில் எல்லோராலும் அழிக்க முடிந்தது, கம்யூனிட்ரீயில் ஒருவராலும் முடியவில்லை. இரண்டிலும் பேச்சு நிலைக்கவில்லை.

அழிப்பதற்கு ஓர் ஆள் இருந்துவிட்டால் மட்டும் மன்றம் வளர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. வூலி நிரல் எழுதிய அதே 1973 ஆகஸ்டில், பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி முடிவில், ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்தார்கள். சத்தம் குறைய அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடைத்து, கைகளை நுழைக்க இரண்டு ஓட்டைகளும் பார்க்க ஒரு பிளாஸ்டிக் சன்னலும் வைத்திருந்தார்கள். 'கம்யூனிட்டி மெமரி' என்று பெயர். தெருவில் போகிறவர் எவரும் வந்து ஒரு செய்தியைச் சேர்க்கலாம், இருப்பதில் தேடலாம். கணினி என்றாலே அரசாங்கத்தின், ராணுவத்தின் சாமான் என்று இளைஞர்கள் முகம் சுளித்த காலம். அதனால் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவரை உட்காரவைத்தார்கள். வருகிறவரைக் கூப்பிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு, விசையை அழுத்திக் காட்டுவது அவர் வேலை. வீடும் வேலையும் தேடுவோர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், இசைக்கலைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, சொல்லித்தரத் தயாராக ஒரு முன்னாள் ரொட்டிக்காரர் இருக்கிறார் என்று பதில் வந்தது. இந்த ஒரு பதிலில் இருக்கிறது மன்றம் என்பதன் முழு ருசியும். அந்தப் பதில் வருவதற்கு முன்னால், பெட்டியருகே ஒருவர் நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இவ்விரண்டும், அதாவது அழிக்கும் கையும் அழைக்கும் கையும், ஒரே ஆளிடம் சேர்ந்த இடம் 'தி வெல்'. 1985இல் சாசலிட்டோ நகரில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியண்டும் தொடங்கியது. மாதம் 8 டாலர், போக மணிக்கு 2 டாலர் என்று கட்டணம். ஒவ்வொரு பிரிவுக்கும் 'ஹோஸ்ட்' என்றொரு பொறுப்பாளர் உண்டு. அவருக்குச் சம்பளம் இல்லை, கட்டணமில்லாமல் உள்ளே வரலாம் என்பதே கூலி. கணக்கின் பின்னால் உண்மைப் பெயர் இருக்க வேண்டும் என்பதில் பிராண்ட் கறாராக இருந்தார். அவரவர் சொல்லுக்கு அவரவரே சொந்தக்காரர், பொறுப்பும் அவரவருடையதே என்று விதி வைத்தார். வழக்கு வந்தால் நிறுவனம் தப்பிக்க வேண்டும் என்ற முன்யோசனையும் அதில் இருந்தது, வெறும் லட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் தான் எழுதியதைத் தானே அழிக்கலாம், ஆனால் அழித்த தடம் அந்த இடத்தில் நிற்கும். ஹோஸ்ட் ஓர் இழையை மூடினால் அது எல்லோருக்கும் தெரியும், அவர் யார் என்பதும் தெரியும், மறுநாள் அவரோடு சண்டை போடலாம். அதிகாரம் இருந்தது, அது முகத்தோடு இருந்தது.

வெல்லை அன்றாடம் நடத்தியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் இன்னொரு துப்பு கிடைக்கிறது. முதல் இயக்குநர் மாத்யூ மெக்ளூர், அவருக்குப் பின் வந்த கிளிஃப் ஃபிகாலோ, உறுப்பினர்களைக் கவனித்துக்கொண்ட ஜான் கோட் ஆகிய மூவரும் டென்னசி மாநிலத்தில் 'தி ஃபார்ம்' என்ற ஹிப்பிக் கம்யூனில் பல வருடம் வாழ்ந்தவர்கள். கணினி அறிவைவிட, நூற்றுக்கணக்கானோர் ஒரே சமையலறையிலும் ஒரே கழிப்பறை வரிசையிலும் எதற்கெல்லாம் சண்டை பிடிப்பார்கள் என்ற அறிவு அவர்களிடம் முற்றியிருந்தது. கோட் 1990களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையில் தன் வேலையைச் சத்திரம் நடத்துவதோடு ஒப்பிடுகிறார். பத்திரிகையாளர்களுக்கு இலவசக் கணக்கு கொடுத்தார்கள். மாதா மாதம் அலுவலகத்தில் விருந்து வைத்து, திரையில் முட்டிக்கொண்டவர்களை நேரில் சந்திக்கவைத்தார்கள். 1986இல் 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் ரசிகர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது, அதை நடத்த முன்வந்தவர்கள் அந்த ரசிகர்கள் மத்தியில் ஏற்கெனவே பேர் தெரிந்தவர்கள். கூட்டம் அவர்கள் பின்னால் வந்தது, மணிக்கணக்கில் பேசிற்று, வருமானத்தில் பெரும்பங்கைத் தந்தது. இத்தனைக்கும் 1993 வாக்கில் வெல்லின் உறுப்பினர்கள் சுமார் 8,000 பேர்தான். ஹோவர்ட் ரைன்கோல்ட் என்ற எழுத்தாளர் அந்த வருடம் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக அந்த எட்டாயிரம் பேர் உலகத்துக்கே முன்மாதிரி ஆனார்கள். எண்ணிக்கையே வெற்றி என்று சொல்வோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலை. 1980இல் வட கரோலினாவின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையே ஓடத் தொடங்கிய அதற்குச் சொந்தக்காரர் இல்லை, தலைமையகம் இல்லை. ஆனாலும் உலகெங்கும் பரவிற்று. நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிச் சண்டை போட்ட சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவும் அதில்தான் இருந்தது. பொறுப்பாளர் இல்லாமலே மன்றம் செழிக்கும் என்பதற்கு இது சாட்சியாகாதா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆகும். ஆனால் அன்றைய யூஸ்நெட்டுக்குள் வர ஒரு பல்கலைக்கழகக் கணக்கோ ஆய்வகக் கணக்கோ வேண்டும். தவறாக நடந்தால் அங்குள்ள கணினி நிர்வாகிக்குப் புகார் போகும், கணக்கு பறிபோகும். ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் வந்து கலாட்டா செய்வார்கள், பழையவர்கள் ஓரிரு மாதத்தில் பழக்கிவிடுவார்கள். பொறுப்பாளர் இல்லாமல் இல்லை, ஊர் ஊராகச் சிதறி, கண்ணில் படாமல் இருந்தார். 1993இலிருந்து வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அலையலையாக வரத் தொடங்கியதும் பழக்குவதற்கு ஆளும் அவகாசமும் போதவில்லை. 1994 ஏப்ரலில் அரிசோனாவின் ஒரு வழக்கறிஞர் தம்பதி கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். அதையொட்டி, அடுத்தவர் செய்தியை ரத்துசெய்யும் கட்டளையைக் கையிலெடுத்து, முகம் காட்டாத சிலர் குப்பை கூட்ட ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர் இல்லாத இடத்திலும் கடைசியில் யாரோ ஒருவர் அழிப்பானை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

இன்னொரு மறுப்பு, இதையெல்லாம் வாக்குக் கணக்கே பார்த்துக்கொள்ளும் என்பது. ஆயிரம் பேர் வாக்களித்தால் நல்லது மேலே மிதக்கும், கெட்டது அடியில் போகும், ஆள் எதற்கு? இதை முதலில் பெரிய அளவில் செய்துபார்த்த 'ஸ்லாஷ்டாட்' தளத்தின் ஏற்பாட்டைக் கவனித்தால் வேறு விஷயம் தெரிகிறது. அங்கே கருத்துகளுக்கு -1 முதல் 5 வரை மதிப்பெண். ஆனால் மதிப்பெண் போடும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் கிடையாது. தொடர்ந்து வரும் வாசகர்களில் சிலருக்கு, சில நாட்களுக்கு மட்டும், விரல்விட்டு எண்ணும் அளவில் கிடைக்கும். தான் பேசிய விவாதத்திலேயே மதிப்பெண் போடக் கூடாது. போட்டவர் நியாயமாகப் போட்டாரா என்று பார்க்க 1999இல் இன்னொரு அடுக்கும் வந்தது. ஆளைத் தூக்கிவிட்டுக் கணக்கை வைத்த ஏற்பாடு இல்லை இது, ஒரு பொறுப்பாளரின் வேலையைப் பலருக்கு முறைவைத்துப் பங்கிட்ட ஏற்பாடு.

அழிக்கும் கை இப்படி என்றால், அழைக்கும் கையும் வேறு வடிவங்களில் தேவைப்பட்டது. 'ரெடிட்' விவாதத் தளம் 2005இல் தொடங்கியபோது தளம் வெறிச்சோடித் தெரியக் கூடாது என்று நிறுவியவர்களே விதவிதமான பொய்ப் பெயர்களில் இணைப்புகளைப் போட்டதைப் பின்னர் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். இது ஏமாற்று வேலை என்றால், ஆமாம், ஏமாற்று வேலைதான். பெர்க்லியில் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தவர் தான் யார் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் தீர்க்க முயன்ற சிக்கல் ஒன்று: முதல் ஆளாகப் பேச யாரும் விரும்புவதில்லை. 'ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்ற கேள்வி-பதில் தளக் குடும்பம் 2010இல் இதை நேர்மையாகச் சமாளித்தது. புதிய பொருளில் ஒரு தளம் வேண்டும் என்றால், அங்கே வந்து கேட்கவும் பதில் சொல்லவும் போதுமான பேர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அதன் பிறகே தளம் திறந்தது.

என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் கூலியைப் பற்றியது. வெல்லின் ஹோஸ்டுக்கு இலவசக் கணக்கு என்பது, மணிக்குக் காசு ஓடிய காலத்தில் உண்மையிலேயே ஒரு கூலி. இணைய இணைப்பு விற்ற 'ஏஓஎல்' நிறுவனமும் அப்படித்தான் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து அரட்டை அறைகளையும் மன்றங்களையும் கவனித்தது. 1996 இறுதியில் மணிக்கணக்குக் கட்டணம் போய் ஒரே மாதச் சந்தா முறை வந்ததும் அந்தச் சலுகையின் மதிப்பு கரைந்தது. 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள், பத்து வருடத்துக்கு மேல் இழுத்து 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ரெடிட்டில் இன்றும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. 2023 ஜூனில், வெளியார் செயலிகளுக்கு அந்த நிறுவனம் கட்டணம் விதித்தபோது, ஆயிரக்கணக்கான குழுக்களை அவற்றின் பொறுப்பாளர்கள் இழுத்துப் பூட்டினார்கள். தளத்தின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பது சில நாட்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. திறக்காவிட்டால் வேறு ஆளை நியமிப்போம் என்று நிறுவனம் சொன்னது, பெரும்பாலானவை திறந்துகொண்டன, கட்டணம் அப்படியே நின்றது. வெல் வேறு வழியில் போனது. சாலன் என்ற இணைய இதழ் நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பல வருடம் கழிந்தபின், 2012இல் நீண்டகால உறுப்பினர்கள் சிலர் பணம் திரட்டி அதைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அது இன்னும் ஓடுகிறது, சந்தா கட்டித்தான் உள்ளே போக வேண்டும், ஹோஸ்டுகளும் இருக்கிறார்கள்.