அப்பாவுக்குக் காதல், பிள்ளைக்கு ஜெயில்

மாயாபந்தர்

அன்புள்ள வசந்தி,

துக்கம் விசாரித்து எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லையடி. அந்த மாதிரிக் கடிதம் இதற்குள் உனக்கு நிறைய வந்திருக்கும். நான் அம்மாவுக்குப் பிடித்த வம்பையே பேசுகிறேன்.

எனக்கு இங்கே மாற்றலானபோது ஊரே பாவப்பட்டது. அம்மா மட்டும் பொறாமைப்பட்டார். எல்லாம் 'அந்தமான் காதலி' செய்த வேலை. 1978இல் வந்த படம். முக்தா சீனிவாசன் இயக்கம், சிவாஜி, சுஜாதா. நான் என்னவோ அந்தப் படத்துக்குள்ளேயே குடித்தனம் வைத்திருப்பதாக அம்மாவுக்கு நினைப்பு. போர்ட் பிளேர் போக ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கணும், ஜாரவாக்கள் காட்டைக் கான்வாயில்தான் கடக்கணும் என்றால் காதிலேயே வாங்க மாட்டார். அந்த ஊர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அதற்கும் என்னோடுதான் சண்டை!

"அப்பா அங்கே காதலிக்கப் போனார், பிள்ளை ஜெயிலுக்குப் போச்சு" என்பார், நினைவிருக்கிறதா? பிள்ளை பிரபு, படம் 1996இல் பிரியதர்ஷன் எடுத்த 'சிறைச்சாலை'. மலையாளத்தில் 'காலாபானி'. சந்தோஷ் சிவன் கேமராவுக்கும் சாபு சிரில் கலைக்கும் தேசிய விருது கிடைத்தது. தகும். ஆனால் அந்தப் படத்தோடு செல்லுலார் ஜெயிலுக்குள் நுழைந்தால் மனசு கொஞ்சம் ஏமாறும். ஏழு சிறகுகளாகக் கட்டியதில் நிற்பது மூன்றுதான். நிலநடுக்கம், ஜப்பான்காரர்கள், சுதந்திரத்துக்கு அப்புறம் நம்மாட்கள் என்று ஆளாளுக்கு இடித்தது போக மிச்சம். இதற்குமேல் இடிக்கக் கூடாது என்று குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அதே கொட்டடிகளில் கிடந்து வதைபட்டவர்கள். அவர்களுக்குத்தானே முதலில் அது ஒழியட்டும் என்று தோன்றியிருக்கணும்! எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

நம்ம சினிமாவுக்கு அந்தமான் என்றால் கடல், விட்டால் ஜெயில். பக்கத்து வெபியில் கரேன் ஜனங்கள் இருக்கிறார்கள். 1925இல் வெள்ளைக்காரன் காட்டு வேலைக்கென்று பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள். அங்கே கொட்டிக் கிடக்கிற கதைக்கு எந்தக் கோடம்பாக்கத்துக்காரர் வந்தார், சொல்லு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போகிறாயாமே? உன் தம்பி போனில் சொன்னான். போடாதே, எனக்கு வேணும். தபாலில் வேண்டாம், நீயே கொண்டு வா. டிசம்பர், ஜனவரி என்றால் கர்மாடாங் கரையில் ஆமை முட்டையிட வரும். கப்பல் டிக்கெட் மலிவு என்று மட்டும் ஆசைப்படாதே. திருச்சி பஸ்ஸுக்கே எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு வருகிறவள் நீ.

உன்
சரோஜா