பரவால்ல

அலட்சியத்தைச் சொல்லச் சென்னையில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. 'கண்டுக்காத வுடு', 'போனா போவுது', 'லூஸ்ல வுடு'. இவற்றின் பூர்வீகத்தை விசாரிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. தேட வைத்தது சாதுவான ஒரு சொல்: பரவாயில்லை. 'இல்லை' புரிகிறது. பரவாய் என்றால்?

தமிழாசிரியரான நண்பர், 'பரவு' என்ற வினையைப் பிடித்து, துன்பம் பரவவில்லை என்று அழகாக விளக்கினார். ஆனால் தெலுங்கர் 'பர்வாலேது' என்கிறார், கன்னடர் 'பரவாகில்ல' என்கிறார். மூவரும் அவரவர் இல்லையை ஒட்டிக்கொண்டு முன்பாதியை அப்படியே வைத்திருந்தால், அது வெளியூர்ச் சரக்காகத்தானே இருக்கும்?

ஜான் பிளாட்ஸின் 1884ஆம் ஆண்டு உருது அகராதியில் ஆள் அகப்பட்டார். பர்வா: கவலை, அக்கறை. பாரசீகச் சொல். வாலாஜா நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபோது அரசவையில் பாரசீகம், தெருவில் தக்கனி உருது. பேஜார், பேமானி, நாஷ்டா எல்லாம் அந்த வகையறாதான். அவை மெட்ராஸ் பாஷை என்ற முத்திரையோடு நிற்க, பரவாயில்லை மட்டும் மேடைத் தமிழ்வரை ஏறிவிட்டது. ஆனாலும் நவாபுக்கே முழுப் பெருமையையும் தரமாட்டேன். மராட்டியிலும் பர்வா உண்டு; தஞ்சையை மராட்டியர் ஆண்டார்கள், செஞ்சியில் மொகலாயர் இருந்தார்கள். ஒரே வாசல் வழியாக வந்த சொல்லாகத் தெரியவில்லை.

வந்த சொல்லை நாம் பாதியாக நறுக்கிவிட்டோம். இந்திக்காரர் ஒருவர்மேல் பர்வா வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். தமிழில் யார்மேலும் 'பரவாய்' வைக்க முடியாது. இல்லையோடு வந்தால்தான் உண்டு. அப்புறம் அது 'மோசமில்லை', 'குறைவில்லை' என்ற வரிசையில் போய் உட்கார்ந்து அரைப் பாராட்டாகவும் மாறிப்போனது.

அகராதியை மூடிவிட்டுப் பட்டினப்பாக்கம் போனேன். வலை உதறிக்கொண்டிருந்தவரிடம், "பாடு எப்டிண்ணே?" என்றேன். "பரவால்ல." நேற்றைக்கு இன்று தேவலை என்று பொருள். உலர்த்தியிருந்த வலையை மிதித்துவிட்ட பையனுக்கும் அதே "பரவால்ல, போ." அலை வீடுகளைத் தின்ற சீனிவாசபுரத்தில், இப்போது எப்படி என்று கேட்டாலும் பரவால்லதான், அங்கே அதற்கு, தாங்கிக்கொள்ள முடிகிறது என்று அர்த்தம். குரலின் ஏற்ற இறக்கத்தை எந்த அகராதி எழுதும்?

பாரசீகத்தின் நேர்ப்பொருளான 'எனக்குக் கவலையில்லை' மட்டும் அங்கே காதில் விழவில்லை. அதற்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: "எனுக்கின்னா?" வஞ்சிரத்துக்கு நான் கேட்ட விலையை மீன்காரம்மா முதலில் அப்படித்தான் தள்ளினார். இரண்டடி நடந்தேன்.

"பரவால்ல, எட்த்துக்கோ."