ஒரேகன் அணியில் அம்மம்மா

2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் கம்பஸ் மூடிக் கிடந்த நாட்களில் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். எந்த சீவியிலும் போட முடியாத விஷயம். அமெரிக்கக் கல்லூரிப் புட்போல் வீடியோ கேம் ஒன்றில் தோற்காமல் இருப்பது எப்படி என்பது. (தோற்காமல் என்பதும் கொஞ்சம் கூடத்தான். கேவலமாகத் தோற்காமல் இருப்பது என்று வையுங்கள்.)

அந்தப் பிளேஸ்டேஷன் 3 எங்கள் வீட்டுக்கு வந்தது 2014 ஓகஸ்ட்டில். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஸ்காபரோவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்திருந்தது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு ஒருநாள் போனார், வெயில் தாங்கேலாது என்று சொல்லிவிட்டு மிச்ச நாளெல்லாம் சூட்கேஸில் கொண்டுவந்த கேமை எங்கள் ரீவியில் கொழுவிக்கொண்டு இருந்தார். எனக்குப் பதினொரு வயது. பக்கத்தில் இருந்து பார்ப்பேன். எனக்கும் ஒரு கொன்ட்ரோலர் தந்து, "டீம் ஒண்டு எடு" என்றார். மஞ்சளும் பச்சையுமாய் மின்னுகிற உடுப்புப் போட்டிருந்த படியால் ஒரேகன் என்ற அணியை எடுத்தேன். அண்ணா எப்போதும் மிச்சிகன்.

திரும்பிப் போகிற அன்று மிளகாய்த்தூளுக்கும் பனாட்டுக்கும் சூட்கேஸில் இடம் காணாமல் போனது. பெரியம்மா அந்த மெஷினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டா. "இது உனக்குத்தான் பிள்ளை, இவன் அங்க போய் வேற வாங்குவான்." அண்ணாவின் முகத்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு சார்ஜ் பண்ணுகிற வயர் துலைந்தது, ஓ.எல். வந்தது, கொரோனா வந்தது. 2021இல் பெரியம்மா போய்விட்டா. செத்தவீட்டை நாங்கள் அதே ரீவியில்தான் பார்த்தோம், லிங்க் அனுப்பியிருந்தார்கள். இடையில் இரண்டு தரம் அறுந்தது. அண்ணா கறுப்பு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார். அதுக்குப் பிறகு அவரோடு என்ன கதைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தமிழும் எனது இங்கிலிஷும் ஒரே இடத்தில் வந்து முடிகிறவை. பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம், தைப்பொங்கலுக்கு ஒரு பானைப் படம், பதிலுக்கு ஒரு தம்ஸ் அப். மூன்று வருஷம் இப்படியே போனது.

வேலைநிறுத்தத்தின் இரண்டாவது கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மெஷின் வெளியே வந்தது. வயரை ரவுணில் வாங்கினேன். கேம் வேலை செய்தது. படத்தை எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் அந்த மாதங்களில் ஒன்பதரை மணித்தியால இடைவெளி. காலமை எழும்பிப் பார்க்க வொய்ஸ் நோட் ஒன்று, நாலு நிமிஷம். நாலு நிமிஷம் அண்ணா கதைத்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

கேமின் பெயர் என்.சி.ஏ.ஏ. புட்போல் 14. 2013 ஜூலையில் வந்தது. விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பந்து வைத்திருக்கிற பக்கத்துக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. ஒவ்வொரு வாய்ப்பும் கிரிக்கெட்டில் ஒரு பந்து போடுகிற மாதிரித் தொடங்கி முடியும், நடுவில் எல்லாரும் எழும்பித் தூசு தட்டுவார்கள். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, ஓடுறதும் விழுறதும் பிறகு கூடிக் கதைக்கிறதும்" என்றா. ஒரு வசனத்தில் இதைவிடச் சரியாகச் சொல்ல ஏலாது.

கஷ்டத்துக்கு நாலு படிகள் இருக்கின்றன. ஃப்ரெஷ்மன், வார்சிட்டி, ஓல் அமெரிக்கன், ஹைஸ்மன். கம்பஸில் நான் சீனியர் என்று திரிகிற ஆள், இங்கே ஃப்ரெஷ்மனில் கொம்பியூட்டரிடம் 42க்கு 0 என்று அடி வாங்கினேன். பந்து கையில் வந்ததும் பதறிப்போய் ஆரோ ஒருவருக்கு எறிவேன். அந்த ஆரோ ஒருவர் பெரும்பாலும் எதிரணி ஆளாக இருப்பார்.

யூடியூபில் தேடினால் அந்த யூலை முழுக்கப் புதுக் கேமின் கதைதான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அடுத்தது வந்திருந்தது, காலேஜ் புட்போல் 25. அது பிளேஸ்டேஷன் 5க்கும் புது எக்ஸ்பொக்ஸுக்கும் மட்டும். எங்களுக்கு ஏது அதெல்லாம். ஆனால் வீடியோக்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது, அதையேதான் அண்ணாவும் சொன்னார்: "நீ பந்தைப் பாக்கிறாய். பந்தைப் பாக்காத. பந்து வர முதல் பின்னால நிக்கிற ரெண்டு பேரைப் பார்."

பின்னால் நிற்கிறவர்களை சேஃப்டி என்பார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. துடுப்பாட்டக்காரர் பந்து வர முதல் ஃபீல்டைச் சுற்றிப் பார்ப்பார் அல்லவா, ஸ்லிப்பில் எத்தனை பேர், பவுண்டரியில் எத்தனை பேர் என்று, அதே வேலைதான். ஆழத்தில் இரண்டு சேஃப்டி அகட்டி நின்றால் முன்னுக்கு ஒரு ஆள் குறைவு, பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடலாம், அல்லது இரண்டு பேருக்கும் நடுவில் எறியலாம். நடுவில் ஒருவர் மட்டும் நின்றால் மற்றவர் ஓட்டத்தை மறிக்க முன்னுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம், அப்போது எறிவது நல்லது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். எனக்குக் கண்ணில் படிய மூன்று கிழமை எடுத்தது. ஸ்கோரே பார்க்காமல், பிராக்டிஸ் மோடில், பந்தை எடுக்க முதல் வாய்விட்டு "ரெண்டு" அல்லது "ஒண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமத்துவேன். அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தா.

அடுத்த பாடம், ஒரு ஆளைச் சும்மா நடக்கவிடுவது. பந்து தொடங்க முதல் பந்து பிடிக்கிற ஆள் ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அனுப்பலாம். அவரோடேயே எதிரணி ஆள் ஒருவர் குறுக்கே வந்தால், ஆளுக்கு ஆள் காவல். ஒருவரும் கூட வராவிட்டால், இடத்துக்குக் காவல். ஆளுக்குக் காவல் என்றால் குறுக்கே வெட்டி ஓடுகிறவருக்கு எறி. இடத்துக்குக் காவல் என்றால் வெளியில் போய் நிற்கிறவருக்கு எறி. ஆளை அனுப்பிக் கேள்வி கேட்பது என்று அண்ணா இதைச் சொல்வார். "யூ ஆர் ஆஸ்கிங் தெம், தங்கச்சி."

எனக்குப் பிடித்தது ரீட் ஒப்ஷன். ஒரேகன் அதுக்குப் பேர்போனது. எதிரணியின் ஓரத்து ஆளை வேண்டுமென்றே ஒருவரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓடுகிற ஆளை நோக்கிப் பாய்ந்தால் குவாட்டர்பக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு அவர் விட்டுவந்த இடத்தால் ஓடுவார். அவர் பாயாமல் நின்றால் பட்டனை அமத்திப் பிடித்தபடி பந்தைக் கொடுத்துவிட வேண்டும். முடிவெடுக்க அரைச் செக்கன் இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், பந்து தொடங்க முதலே கொடுப்பதா வைப்பதா என்று முடிவெடுத்துவிட்டுத் தொடங்குவேன். டியூட் எழுதும்போதும் எனக்கு இதே வருத்தம், முடிவுரையை எழுதிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவேன். அந்த ஓரத்து ஆளின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உண்மையாகவே பார்க்கத் தொடங்கின அன்றைக்கு வார்சிட்டியில் முதல் தரம் வென்றேன். 28க்கு 24. அன்று அண்ணாவுக்கு நான் அனுப்பிய வொய்ஸ் நோட் ஏழு நிமிஷம்.

எங்கள் குவாட்டர்பக்கின் பெயர் QB 8 என்பதை "கியூபி எட்டு" என்றுதான் அண்ணா சொல்வார். கேமில் ஒருவருக்கும் பெயர் இல்லை, இடமும் இலக்கமும்தான். முதலில் இது ஏதோ மலிவுக் கேம் என்று நினைத்தேன். பிறகுதான் வாசித்தேன். அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் மாணவர்கள், காசு வாங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. அதனால் அவர்களின் உயரம், இலக்கம், ஓட்டம் எல்லாம் கேமில் இருக்கும், பெயர் மட்டும் இராது. யூ.சி.எல்.ஏ.யின் பழைய கூடைப்பந்து வீரர் எட் ஓபனன் நண்பர் வீட்டில் ஒரு கேமில் தன்னையே கண்டார், பெயரில்லாமல். 2009இல் வழக்குப் போட்டார். 2014 ஓகஸ்ட்டில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அதே ஓகஸ்ட்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் ஹோலில் இருந்து அந்தக் கேமை விளையாடிக்கொண்டிருந்தோம், ஒன்றும் தெரியாமல். கேம் வருவது நின்று போனதும் இந்தப் பிரச்சினைகளால்தான். 2021இல் விதி மாறி, 2024இல் திரும்பி வந்தபோது பெயரைத் தரச் சம்மதித்த வீரருக்கு 600 டொலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். கோடிக் கணக்கில் விற்கிற சாமானுக்கு 600 டொலர் என்பது எனக்கு இன்னும் பகிடியாகத்தான் தெரிகிறது. எங்கள் எட்டாம் இலக்கக்காரர் மார்க்கஸ் மரியோட்டா, ஹவாய்ப் பெடியன். 2014இல் கல்லூரிப் புட்போலின் பெரிய பரிசான ஹைஸ்மன் அவருக்குத்தான் கிடைத்தது.

இதை அண்ணாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எழுத்தில் வந்தது. ரோஸ்டர் என்ற இடத்துக்குப் போ, பழைய ஃபைல் ஒன்று இருக்கும், அதை லோட் பண்ணு என்று.

லோட் பண்ணினேன். ஒரேகனின் ஆட்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. கேமில் பெயரை நாங்களே தட்டி எழுதலாம், எனக்கு அது தெரியாது. எட்டாம் இலக்கம் நான். பந்தை எடுத்து ஓடுகிறவர் மாமா. முன்னுக்கு நின்று எல்லாரையும் மறிக்கிற, 300 றாத்தலுக்கு மேல் நிறையான ஆள் அம்மம்மா. அம்மம்மா இருந்தால் பொருத்தம் என்று சிரித்திருப்பா. சித்தப்பா, அம்மா, பக்கத்து வீட்டு நாய். அந்தப் பதினாறு பதினேழு வயதில், வெயிலுக்குப் பயந்து உள்ளே இருந்த நாட்களில், அண்ணா ஒவ்வொரு எழுத்தாகக் கொன்ட்ரோலரால் தேடித் தேடி இதை அடித்திருக்கிறார். பந்தை உதைக்கிற ஆள், இங்கிலிஷ் எழுத்தில், பெரியம்மா.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுக்குப் பிறகு நான் டச்டவுண் எடுக்கிற நேரமெல்லாம் குசினியிலிருந்து வந்து வாசலில் நிற்பா. டச்டவுணுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காகப் பந்தை உதைக்க வேண்டும், அப்போது பெரியம்மா திரையில் வருவா. அது முடிய அம்மா திரும்பிப் போவா.

போன வருஷம் ஓகஸ்ட்டில் அண்ணா தனிய வந்தார். பெரியம்மா இல்லாமல் முதல் தரம். ஏயார்போட்டிலிருந்து வந்த வானில் இரண்டு பேரும் பெரிதாகக் கதைக்கவில்லை. இரவு சாப்பிட்டு முடிய, "சரி, போடு பாப்பம்" என்றார். அவர் மிச்சிகன், நான் ஒரேகன்.

நான் மோசமாக விளையாடவில்லை. முதல் பாதியில் இரண்டு தரம் ஓரத்து ஆளின் தோளைப் பார்த்துப் பந்தை வைத்துக்கொண்டு ஓடினேன், இரண்டும் டச்டவுண். அண்ணா கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அவருக்கு நான் எப்போது பதறுவேன் என்று தெரியும், ஒரு வருஷமாக வொய்ஸ் நோட்டில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேனே. கடைசியில் 24க்கு 21, அவர் முன்னுக்கு. பதினொரு செக்கன் இருந்தது. நாலாவது வாய்ப்பு, கம்பத்துக்கு 41 யார். உதைத்துப் போட்டால் சமன்.

இவ்வளவு நாளில் நான் பழகாத ஒரே விஷயம் தூர உதை. ஒரு புள்ளி உதை கிட்டத்தில் இருந்து, அது ஆரும் போடுவார்கள். தூர உதைக்கு வலது பக்கக் குச்சியைப் பின்னால் இழுத்து நேராக மேலே தள்ள வேண்டும், காற்றையும் பார்க்க வேண்டும். நான் எப்போதும் நாலாவது வாய்ப்பிலும் ஓடுகிற ஆள்.

அம்மா வாசலில் வந்து நின்றா. திரையில் பெரியம்மா வந்து நின்றா. குச்சியை இழுத்துத் தள்ளினேன். விரல் ஒரு சொட்டு இடப்பக்கம் போய்விட்டது. பந்து நல்ல உயரத்தில் போய்க் கம்பத்துக்கு வெளியால் விழுந்தது.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அண்ணா, "அம்மாவுக்கு எப்பவும் பிரஷர் சரிவராது" என்றார். அம்மா சிரித்தா, சிரிக்கத் தொடங்கியவ நிற்பாட்டவில்லை, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தா. 1990களில் பெரியம்மா கார் லைசென்ஸ் எடுக்கப் போய் மூன்று தரம் ஃபெயில் பண்ணின கதையை அண்ணாவுக்குச் சொல்லத் தொடங்கினா. அண்ணாவுக்கு அது தெரியாது. நான் கேமை நிப்பாட்டாமல் சத்தத்தை மட்டும் குறைத்தேன்.